ஹோரோ ஆடிய அம்மாள்

பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்குப் பல்கேரியா என்றால், பூகோள வகுப்பில் மனப்பாடம் செய்த "தலைநகர் சோஃபியா, மலை பால்கன், ஆறு டான்யூப்" என்பதோடு சரி. அந்த நாட்டு நடனத்துக்காகவே வாழ்ந்த ஒரு அம்மாளைப் பற்றி இன்று எழுதுகிறேன். பெயரை எழுத அவர் சம்மதம் கேட்கவில்லை. எல்லோரும் அழைத்தபடி "மதாம்" என்றே வைத்துக்கொள்வோம்.

1962க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் நம் புதுச்சேரியில் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். என் தங்கை அப்படியொரு வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். என் மனைவி இறந்து ஒன்றரை வருடம் கழித்து, "அண்ணே, மூணு மாசம் இங்க வந்து இரு" என்று பாரிஸ் பக்கத்தில் உள்ள தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டாள். வியாழக்கிழமை தோறும் பக்கத்துச் சமூகக் கூடத்தில் பல்கேரிய நடன வகுப்பு. கால் நன்றாக நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் தங்கை போவாள். நான் துணைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்.

மதாமுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. பதினெட்டு வயதில் அரசு நடனக் குழு ஒன்றில் சேர்ந்து, பிறகு நடனம் அமைப்பவராக உயர்ந்தவர். அவர் பிரெஞ்சு தட்டுத் தடுமாறி வரும்; என் பிரெஞ்சு பழைய பாடப் புத்தக பிரெஞ்சு. இருவரும் மெதுவாகப் பேசியதால் நன்றாகவே புரிந்தது.

அவர் சொன்ன கதை இது. பல்கேரியக் கிராமங்களில் திருவிழா, கல்யாணம் எதுவானாலும் ஊர் நடுவில் கைகோத்து வட்டமாக ஆடுவார்கள். அதற்கு ஹோரோ என்று பெயர். 1951இல் பிலிப் கூட்டெவ் என்ற இசையமைப்பாளர் அரசு சார்பில் நாட்டுப்புறப் பாடல், நடனக் குழுவை அமைத்தார். அதற்கு நடனம் அமைத்தவர் மார்கரிட்டா டிகோவா என்ற பெண்மணி. பிறகு ஊருக்கு ஊர் இப்படிக் குழுக்கள் வந்தன. கிராமத்து ஆட்டம் மேடை ஏறியது.

அங்கேதான் சிக்கல். கிராமத்தில் ஆடுகிறவர்கள் வட்டத்தின் உள்பக்கம் பார்த்து ஆடுவார்கள். வெளியே நிற்பவனுக்கு முதுகுதான் தெரியும். மேடையிலோ பார்ப்பவர்கள் ஒரே பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். வட்டத்தை அறுத்து நீட்ட வேண்டும். மணிக்கணக்கில் ஆடுவதை ஐந்து நிமிடத்தில் அடக்க வேண்டும். "எங்கே அறுப்பது என்று யோசித்தே என் வாழ்க்கை போனது, முசியே" என்றார். அதற்காக ஊர் ஊராகப் போய்க் கிழவிகளோடு ஆடிப் பார்த்தாராம். சோஃபியாவைச் சுற்றிய ஷோப் பகுதியில் இடுப்புக் கச்சையைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கச் சின்னச் சின்ன அடியாக வேகமாக ஆடுவார்கள். திரேஸ் சமவெளியில் முழங்கால் மடக்கி நிதானமாக, டொப்ருஜாவில் தரை அதிர மிதித்து. எல்லாவற்றையும் ஒரே மாதிரி பளபளப்பாக்கினால் மூன்று ஊரும் செத்துப்போகும் என்பது அவர் கட்சி.

தாளம்தான் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பியது. பைதுஷ்கோ என்ற ஆட்டம் இரண்டும் மூன்றுமாக ஐந்து. "தக தகிட." நம்ம கண்டசாபுவேதான்! ரச்செனிட்சா ஏழு: "தக தக தகிட." மிஸ்ரசாபுவில் மூன்று முன்னால் வரும், இதில் பின்னால் வருகிறது. கோபனிட்சா பதினொன்று: "தக தக தகிட தக தக." பிரெஞ்சுக்காரர்கள் எண்ணி எண்ணித் தடுமாறியபோது நான் தொடையில் தட்டிக்கொண்டிருந்தேன். மதாம் அதைப் பார்த்துவிட்டார்.

நேராக வந்து கையை நீட்டினார். நான் தயங்கினேன். எனக்கு மனைவி இல்லை என்று தங்கை அவர் காதில் சொன்னாள். உடனே கையை இழுத்துக்கொண்டு, "வருஷம் திரும்பிவிட்டதா?" என்று கேட்டார். அவர்கள் ஊரில் துக்கம் உள்ளவர்கள் ஹோரோவில் சேர மாட்டார்களாம். திரும்பிவிட்டது என்றேன். "அப்படியானால் வரலாம். இதற்கு ஜோடி வேண்டாம். ஆனால் புதிதாக வருபவர் வரிசையின் வாலில்தான் சேர வேண்டும்" என்றார். நம்ம ஆபீஸ் சீனியாரிட்டி லிஸ்ட் மாதிரி என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. ஒன்றரை வருடத்தில் நான் அப்படிச் சிரித்தது அன்றுதான்.

பத்து வியாழக்கிழமை ஆடினேன். மனைவி போன பிறகு உறவுக்காரர்கள் தோளில் தட்டி ஆறுதல் சொன்னார்கள். யாரும் கையைப் பிடித்து நடத்தவில்லை. இங்கே இடது பக்கம் ஒரு கை, வலது பக்கம் ஒரு கை. அடி தவறினால் பக்கத்துக் கை இழுத்துச் சரிசெய்துவிடும்.

மதாமின் கதை முழுக்கச் சந்தோஷமானதல்ல. 1989இல் ஆட்சி மாறியதும் அரசுப் பணம் சுருங்கியது. அவர் குழு கலைந்தது. முப்பது வருட உழைப்புக்குக் கிடைத்த பென்ஷன் ரொட்டிக்கே போதவில்லை. மகளோடு பிரான்சுக்கு வந்து ஆஸ்பத்திரியில் துணி துவைத்தார். பென்ஷன் வாங்கும் நமக்கு இதன் வலி தெரியும். இவ்வளவும் வீணாகவில்லையா என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். இப்போது பல்கேரிய நகரங்களில் வேலை முடிந்து மாலையில் ஹோரோ கற்க ஜனங்கள் குழு குழுவாகச் சேர்கிறார்கள், கலோஃபெர் என்ற ஊரில் ஜனவரி 6ஆம் தேதி ஆண்கள் உறையும் ஆற்றில் இறங்கி ஆடுகிறார்கள் என்றார். "அதில் யாராவது நான் எழுதி வைத்த அடியை ஆடிக்கொண்டிருப்பான். யார் எழுதியது என்று அவனுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்."

இப்போது அவருக்கு முட்டி மடங்குவதில்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடி கைதட்டிச் சொல்லித்தருகிறார் என்று தங்கை போனில் சொன்னாள்.

இதை எழுதும்போது நம் கும்மி நினைவுக்கு வருகிறது. அதுவும் உள்பக்கம் பார்க்கும் வட்டம்தான். பாகூர், வில்லியனூர் பக்கம் பழைய கும்மி அடிகள் தெரிந்த பாட்டிமார் யாரேனும் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். நோட்டுப் புத்தகத்தோடு வருகிறேன். எழுதி வைப்பது முப்பத்தைந்து வருடம் நான் பார்த்த வேலைதானே!