தேவிகாபுரம்: புழுங்கும் ஐப்பசி இரவு

ஆரணியை அடுத்த தேவிகாபுரத்தில், பெரியநாயகி அம்மன் கோயிலைச் சுற்றிப் பட்டுத்தறி ஓசை. ஊரைத் தாண்டினால் நெல் வயல். அடைமழைக் காலமான ஐப்பசியில் இரவு குளிர வேண்டும். ஆனால் 1901 முதலான வானிலைத் துறைப் பதிவுகளில், 2024 அக்டோபரே நாட்டின் மிக வெப்பமான அக்டோபர். சராசரி வெப்பம் இயல்பைவிட 1.23 டிகிரி செல்சியஸ் அதிகம். இரவு வெப்பமோ 1.84 டிகிரி அதிகம்.

பகலில் சேர்த்த உணவை நெற்பயிர் இரவில் சுவாசித்துச் செலவழிக்கிறது. இரவு சூடானால் செலவு கூடும்; மணிக்குச் சேருவது குறையும். பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் 2004 ஆய்வில், வறண்ட பருவ நெல்லில் இரவு வெப்பம் 1 டிகிரி கூடியதற்கு மகசூல் சுமார் 10 சதம் குறைந்தது.

இழை அறுந்தால் நெசவாளிக்கு உடனே தெரியும். நெல்லின் இழப்பு களத்தில் தூற்றும்போதுதான் தெரியும். எனவே மழையளவோடு இரவு வெப்பத்தையும் தினமும் குறித்து வையுங்கள்.