வித்தியாதரிசியும் பணிப்பாளரும்

“ஆசிரிய உத்தியோகத்தில் ஏறுவதற்குப் படி ஏது? சேரும் நாளிலும் வாத்தியார். இளைப்பாறும் நாளிலும் வாத்தியார்!” நெடுந்தீவில் எம்மிடம் கற்ற பட்டதாரி இளைஞர் ஒருவர் அண்மையில் இவ்வாறு சலித்துக்கொண்டார். அவரைப் போல எண்ணும் மாணவர் பலர் இருத்தல் கூடும். ஆதலின், ஆசிரியராய்த் தொடங்கி, அதிபராகி, கல்வி அலுவலகத்திலிருந்து இளைப்பாறிய நாம், கண்டவற்றைச் சொல்லுதல் பொருந்தும்.

படிகள் உண்டு. பகுதித் தலைவர், பிரதி அதிபர், அதிபர் எனப் பாடசாலைக்குள்ளேயே உயரலாம். அதற்கப்பால் இலங்கைக் கல்வி நிருவாக சேவை இருக்கின்றது. பட்டதாரிகள் எழுதும் திறந்த போட்டிப் பரீட்சை, சேவையிலுள்ளோர் எழுதும் மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை, சேவை அனுபவமும் திறமையும் என அதற்கு வாயில்கள் மூன்று. அவ்வழி செல்வோர் வலயக் கல்விப் பணிப்பாளராகவும் வரலாம். ஒரு வலயத்துப் பாடசாலைகள் யாவும் அவர் பொறுப்பு.

அப்பொறுப்பின் பாரத்தை அறிய விரும்புவோர் எமது தீவுக்கு வருக. நெடுந்தீவுக்குப் பாலம் இல்லை. புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடலிற் செல்ல வேண்டும். சோளகம் பெயர்ந்து கடல் குமுறினால் படகு நின்றுவிடும். படகு நின்றால் வகுப்பறையில் ஆசிரியரின் கதிரை வெறுமையாய்க் கிடக்கும்.

நாம் கற்பித்த காலத்தில் கணித ஆசிரியர் ஒருவர் மாற்றம் பெற்றுச் சென்றார். மறு ஆசிரியர் வருமுன் ஒரு தவணை கழிந்துவிட்டது. அலுவலகக் கோவையில் அது ஒரு வெற்றிடம். பிள்ளைகளுக்கோ அது சாதாரண தரப் பரீட்சை.

பின்னாளில் நாமே மேசைக்குப் பின்னால் அமர்ந்தபோது, தீவில் கற்பித்த ஆசிரியை ஒருவரின் மாற்ற விண்ணப்பம் வந்தது. அவருடைய கைக்குழந்தை யாழ்ப்பாணத்தில் பாட்டியிடம் வளர்ந்தது. தாயின் வேண்டுகோள் நியாயமானது. பிள்ளைகளின் தேவையும் நியாயமானது. சட்டக்கோவை இரண்டுக்கும் இடந்தந்தது. பதில் ஆசிரியர் கடல் கடந்து வந்து பாடம் ஏற்ற பின்னரே அத்தாயை விடுவித்தோம். அதற்குச் சில வாரங்கள் சென்றன. வகுப்பு ஒரு நாளேனும் தடைப்படவில்லை. அவ்வாறு செய்யும் எண்ணத்தை எமக்குத் தந்தது எந்தப் பரீட்சையும் அன்று. முன்னர் கண்ட அந்த வெறுங்கதிரையே.

முற்காலத்தில் பாடசாலைகளைப் பார்வையிட வருபவரை வித்தியாதரிசி என்பர். கல்வியைக் காண்பவர் என்பது பொருள். அப்பதவி வகித்த தி. சதாசிவ ஐயர், மட்டக்களப்பு நாட்டின் வசந்தன் பாடல்களையும் திரட்டி 1940 இல் நூலாக்கினார். பள்ளியைப் பார்க்கச் சென்ற கண், பிள்ளைகளின் ஊரையும் கண்டது.

இன்று அப்பெயர் வழக்கொழிந்தது, பணிப்பாளர் என்கின்றோம். பணித்தல் என்றால் கட்டளையிடுதல். ஆயினும் அச்சொல்லுக்கு அருகிலேயே பணியும் உண்டு, பணிவும் உண்டு.

இளைஞர்களே, தயங்காது ஏறுங்கள். ஏறுமுன் சில ஆண்டுகளேனும் கடல் கடந்த ஒரு பள்ளியிற் கற்பியுங்கள். நாளை உங்கள் மேசைக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தின் பின்னும் எத்தனை முகங்கள் உள்ளன என்பதை அங்கேதான் அறிவீர்கள்.