கோட்டை வாசலில் ஒரு சொப்பிங் பேக்

நாங்கள் ஐந்து பேர், எல்லாரும் முகத்துவாரம். நாய், பூனை, காகம் தவிர மற்ற மிருகங்களைத் தெகிவளையில் கம்பிக்குப் பின்னால்தான் பார்த்திருக்கிறோம். அதனால்தான் போன வருடம் திருகோணமலையில் அவ்வளவு துள்ளினோம்.

பரீட்சை முடிந்த கையோடு கொழும்பு கோட்டையில் இரவு ரயில் ஏறினோம். விடிய இறங்கிக் கோணேசர் கோயிலுக்கு நடந்தோம். கோயிலுக்குப் போகிற வழி, போர்த்துக்கேயர் 1624இல் கட்டின பிரெட்றிக் கோட்டைக்கு உள்ளால்தான். வாசலைத் தாண்டியதும் மரத்தடியில் புள்ளிமான்கள். பயமே இல்லை. பக்கத்தில் வந்து கையை மணந்து பார்த்தன.

எங்களிடம் ஒரு பை நிறைய பணிஸ் இருந்தது. பிய்த்துக் கொடுத்தோம், போட்டோ எடுத்தோம். திடீரென்று ஒரு கலைமான் பையையே கவ்வி இழுத்தது. பணிஸ் சிதறியது, பை வாய்க்குள் போய்விட்டது. "மச்சான், முழுங்கிட்டான்டா!" என்று சிரித்தோம். வீடியோவில் அந்தச் சிரிப்பு இன்னும் இருக்கிறது.

பக்கத்தில் கச்சான் விற்ற அம்மா சிரிக்கவில்லை. "பிள்ளையள், அது இனி வெளியில வராது," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அவர் சொன்னது எங்களுக்கு விளங்கியது வீட்டுக்கு வந்து தேடிப் படித்த பிறகுதான். மானுக்கு மேல்தாடையில் முன்பல் இல்லை. கடித்து வெட்டாது, கவ்விப் பிடுங்கும். காட்டில் சிறுத்தைக்குப் பயந்து வாழ்கிற பிராணி என்பதால் நின்று மெல்லவும் நேரமில்லை. கிடைத்ததை அவசரமாக விழுங்கிவிட்டு, பிறகு பாதுகாப்பான இடத்தில் படுத்து அசைபோடும். அதன் இரைப்பைக்கு நான்கு அறைகள். முதல் அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இலையையும் புல்லையும் நொதிக்க வைக்கின்றன. பொலித்தீனை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. அது நாருடன் சுருண்டு அங்கேயே கிடக்கும். அப்படி ஒன்றிரண்டாகச் சேர்ந்து அறை நிறைந்துவிட்டால், மானுக்கு வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். ஆனால் அது பட்டினியில் மெலியும்.

இன்னொன்றும் பிறகுதான் தெரிந்தது. அந்தக் கலைமானின் கொம்பில் மெல்லிய மயிரோடு தோல் மூடியிருந்தது. ஏதோ வருத்தம் என்று நினைத்தோம். உண்மையில் அது வளர்கிற கொம்பு. மாட்டுக்கொம்பு மாதிரி இல்லை, மான்கொம்பு விழுந்து திரும்பவும் முளைக்கும். முழுவதும் எலும்பு. அந்தத் தோலில் ஓடுகிற இரத்தம்தான் அதை வளர்க்கிறது. அதற்கு நல்ல தீன் வேண்டும். அந்த நேரத்தில்தான் நாங்கள் பையைக் கொடுத்தோம்.

பை இல்லாமல் கொடுத்திருந்தால் சரியா என்று எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. அமெரிக்காவில் வெண்வால் மான்களுக்குக் குளிர்காலத்தில் இரக்கப்பட்டுச் சோளம் குவித்து வைப்பார்களாம். சுள்ளியும் மொட்டும் செரித்துப் பழகின வயிற்றில் திடீரென்று அவ்வளவு மாச்சத்து விழுந்தால் அமிலம் கூடிவிடும். நிறைந்த வயிற்றோடு மான் செத்துப்போகும். எங்கள் பணிஸும் மாதானே. கொடுக்கிற கை நல்லதாக இருந்தாலும் வயிற்றுக்கு அது தெரியாது.

மெல்லிய பொலித்தீன் பைகளும் லஞ்ச் சீட்டும் 2017 செப்டெம்பர் 1 முதல் இலங்கையில் தடை. ஆனாலும் களனி கங்கை கடலில் சேர்கிற எங்கள் ஊரில் மழைக்குப் பிறகு கரையில் ஒதுங்குவதைப் பாருங்கள். இவ்வளவு காலம் அதை 'மேலேயிருந்து வருகிற குப்பை' என்றுதான் சொல்லி வந்தோம், யாரோ போட்டது என்று. இந்தமுறை போட்டது நாங்கள். வீடியோ சாட்சி.

அதை அழிக்கச் சொன்னவர்களும் எங்களில் இருந்தார்கள். அழிக்கவில்லை. யாராவது திருகோணமலைக்குப் போகிறோம் என்றால் முதலில் அதைத்தான் காட்டுகிறோம். மானைப் பாருங்கள், தள்ளி நின்று பாருங்கள். சாப்பாட்டுப் பையை மட்டும் தோள்பைக்குள் வைத்து சிப்பை இழுத்துவிடுங்கள். உப்பு வாசனைக்கும் சாப்பாட்டு வாசனைக்கும் அது வரும். வந்தால் நகர்ந்துவிடுங்கள்.

பார்க்கிற எல்லாரும் கடைசியில் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "அந்த மான் இப்ப இருக்கா?"

எங்களிடம் பதில் இல்லை.