தாய்க்குப் புரியும் தாள்

ஒரு சொட்டு மருந்து உலகுக்கு வந்தால், அதைக் கண்ட அறிஞரைப் போற்றுகிறோம். போற்றத் தகும். ஆனால், தோளிலே பையும் கையிலே தாளுமாகச் சந்து சந்தாய் நடந்து, பிள்ளையின் வயிற்றுக் கணக்கைக் குறித்துவந்த பெண்களை எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

வேலூரிலே சின்ன அல்லாபுரம், கஸ்பா, ராமநாயக்கன்பாளையம் பகுதிகளில் 2002ஆம் ஆண்டு தொடங்கிக் கிறித்துவ மருத்துவக் கல்லூரியார் ரோட்டா கிருமி பற்றி ஆராய்ந்தனர். பிறந்த குழந்தைகளை வாரம் இருமுறை வீடு தேடிச் சென்று பார்த்தனர். மூன்றாண்டும் முழுமையாகத் தொடரப்பட்ட குழந்தைகள் 373. மூன்று முறை கிருமி தொற்றிய பின்னரும், கடுமையான, நடுத்தரமான நோயிலிருந்து கிடைத்த காப்பு 79 விழுக்காடே என்று தெரியவந்தது.

இத்தகைய கணக்கெல்லாம் எதன்மேல் நிற்கிறது? ஒரு கேள்வியின்மேல்! ஒரு நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ நீராய்ப் போனால் அது வயிற்றுப்போக்கு என்பது மருத்துவ இலக்கணம். "வயிற்றுப்போக்கு உண்டா அம்மா?" என்றால், "இல்லை" என்பாள் தாய். பல் முளைக்கிறது, அதனால் போகிறது, அதுவும் ஒரு நோயா என்பது அவள் எண்ணம். "நேற்றிலிருந்து எத்தனை தடவை தண்ணீராய்ப் போயிற்று?" என்று கேளுங்கள். "நாலு" என்பாள்! களப்பணிப் பயிற்சி என்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியைக் கற்பிப்பதுதான்.

ஆம்பூரிலே ஆசிரியனாக இருக்கிறேன். சென்ற ஆண்டு, வேறோர் ஆய்விலே பணிக்குச் சேர்ந்த அண்டை வீட்டுத் தங்கை, பயிற்சி ஏட்டையும் ஒப்புதல் தாளையும் கொண்டுவந்தாள்.

"அண்ணா, இதைத் தமிழில் எழுதிக் கொடுங்கள்."

"தமிழிலேதானே இருக்கிறது?"

"எங்கம்மாவுக்குப் புரியலியே அண்ணா!"

அவள் தாய் ஷூ கம்பெனியிலே மேல்தோல் தைப்பவர். தாளைப் புரட்டினேன். 'சமவாய்ப்பு ஒதுக்கீடு' என்றிருந்தது. ஒதுக்கீடு என்றதும் எங்கள் தெருத் தாய் எதை நினைப்பாள்? படிப்பிலும் வேலையிலும் போராடிப் பெற்ற ஒதுக்கீட்டை! மகனுக்கு ஏதோ உரிமை வருகிறதென்று மகிழ்ந்து கைநாட்டு வைப்பாளே! 'சீட்டுக் குலுக்கல்' என்று மாற்றினோம்.

அடுத்து, மருந்தில்லாச் சொட்டு. அதை விளக்க ரோட்டாவாக் கதையைச் சொன்னேன். 2011இல் தொடங்கி டில்லி, பூனா, வேலூர் பகுதிகளில் 6,799 குழந்தைகளிடம் அது சோதிக்கப்பட்டது. மூவரில் இருவருக்கு மருந்து, ஒருவருக்கு மருந்தில்லாச் சொட்டு. எது எவருக்கு என்று தாயும் அறியாள், கொடுத்தவரும் அறியார். அறிந்தால் பார்வை சாயும், கணக்கும் சாயும். 2016 முதல் அம்மருந்து நாட்டின் தடுப்பூசித் திட்டத்திலே இடம்பெற்றது.

'மறுத்தாலும் உங்களுக்கு வைத்தியம் நிற்காது' என்ற வரியோ கடைசிப் பக்கத்தின் அடியிலே ஒடுங்கிக் கிடந்தது. ஏழைக்கு முதலில் தெரியவேண்டியது அதுவன்றோ? முதல் பக்கத்துக்கு ஏற்றினோம். படிக்கத் தெரியாதவருக்குச் சாட்சியின் முன்னே வாசித்துக் காட்டவேண்டும் என்பது விதி. உருது பேசும் இல்லங்களுக்கு உருதுத் தாள் வேறு தேவைப்பட்டது.

பிறகு ஒத்திகை. தங்கை களப்பணியாளர், அவள் அன்னையே குழந்தையின் தாய். முழுதும் வாசித்தாள். அம்மா பொறுமையாகக் கேட்டார், இரண்டு கேள்வி கேட்டார், பிறகு சொன்னார்:

"புரிஞ்சுது. எனக்கு வேணாம்மா."

தங்கையின் முகம் வாடிற்று. பயிற்றுநரோ எழுந்து, "இந்தத் தாளையே அச்சுக்குக் கொடுங்கள்" என்றார்.