குறட்டை சொன்ன செய்தி

எங்கள் வீட்டில் குறட்டைக்கு எப்போதும் நல்ல பெயர்தான். "உழைத்த உடம்பு, அயர்ந்து தூங்குகிறது" என்பாள் அம்மா. அப்பா லாரி ஓட்டுகிறவர். இரவெல்லாம் கண் விழித்தவர் பகலில் திண்ணையில் படுத்துக் குறட்டை விட்டால் தெருவே பொறுத்துக்கொள்ளும். நானும் தங்கையும் அதைப்போலவே குறட்டை விட்டுக் காட்டிச் சிரித்ததும் உண்டு.

சென்ற மார்கழியில் அப்பா என்னைப் பார்க்கத் தில்லிக்கு வந்தார். அறைத் தோழர் ஊருக்குப் போயிருந்தார். அவருடைய கட்டிலில் படுத்துக்கொண்டார். நான் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். நள்ளிரவில் குறட்டை சட்டென்று நின்றது. 'அப்பாடா' என்று மகிழ்ந்தேன். மறுகணம் திடுக்கிட்டேன். மூச்சும் அல்லவா நின்றிருந்தது! மார்பு மட்டும் எழ முயன்று தவித்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். 20 வினாடி, 25 வினாடி... பிறகு பெரிய உறுமலோடு மூச்சு திரும்பிற்று. அப்பா புரண்டு படுத்தார், விழிக்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் 32 முறை இப்படி நடந்தது. குறிப்பேட்டில் கோடு போட்டுக்கொண்டே இருந்தேன்.

காலையில் சொன்னபோது, "நான் நன்றாகத்தானே தூங்கினேன், தம்பி" என்றார். அவர் பொய் சொல்லவில்லை; அவருக்குத் தெரியாது.

"பகலில் கண் அசருகிறதா அப்பா?"

நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஆடி மாதம் விழுப்புரம் தாண்டி ஒரு கணம் கண் மூடிவிட்டது. புளியமரத்துக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. அம்மாவிடம் சொல்லாதே" என்றார். மருத்துவரிடம் போகலாம் என்றேன். "நோய் என்று எழுதிவிட்டால் வண்டியை யார் கொடுப்பார்கள்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. "புளியமரம் கேட்காதே அப்பா" என்று மட்டும் சொன்னேன். சம்மதித்தார்.

மருத்துவமனையில் ஓர் இரவு. தலையிலும் கண்ணோரத்திலும் மோவாயிலும் கால்களிலும் கம்பிகளை ஒட்டினார்கள். மூக்கில் மெல்லிய குழாய், மார்பிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் ஒரு கவ்வி. "கல்யாணத்தன்றுகூட எனக்கு இவ்வளவு அலங்காரம் இல்லை" என்றார் அப்பா.

விடிந்ததும் மருத்துவர் திரையைக் காட்டி விளக்கினார். மூக்குக் காற்றின் கோடு தட்டையாகக் கிடந்தது. மார்புப் பட்டையின் கோடோ ஆடிக்கொண்டே இருந்தது. உடம்பு மூச்சுக்குப் போராடுகிறது, தொண்டை அடைத்திருக்கிறது என்று பொருள். இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. உடனே மூளையின் கோடு சில வினாடி படபடக்கிறது, அதுதான் விழிப்பு. அந்த விழிப்பே உயிரைக் காக்கிறது. தூக்கத்தைக் கெடுப்பதும் அதுவே. காலையில் அது நினைவில் இருப்பதில்லை.

இதற்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். 10 வினாடியாவது மூச்சு நின்றால் ஒன்று என்று கணக்கு. மூச்சு வெகுவாகக் குறைந்து ஆக்சிஜன் இறங்கினாலும் கணக்கில் சேரும். பெரியவர்களுக்கு மணிக்கு 5-க்குள் இருந்தால் கவலையில்லை. 30-க்கு மேல் கடுமை. அப்பாவுக்கு 41.

மருந்து மாத்திரை தரவில்லை. முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்தே வைக்கும் ஒரு கருவி கொடுத்தார்கள். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவனும் தோழர்களும் 1981-இல் உலகுக்கு அறிவித்த முறை அது. அணிந்திருக்கும் வரையில்தான் பயன். முதல் வாரம் அப்பா அதைக் கழற்றி எறிந்தார், பிறகு பழகிற்று. நோய் கட்டுக்குள் வரும்வரை வண்டி ஓட்டக்கூடாது என்றார் மருத்துவர். இரண்டு மாதக் கூலி போயிற்று, வீடு சிரமப்பட்டது. இப்போது மீண்டும் ஓட்டுகிறார். கருவியும் வண்டியிலேயே போய் வருகிறது.

குறட்டை எல்லாம் நோயன்று. ஆயினும் தோழர்களே, விடுதியில் பக்கத்துக் கட்டிலின் குறட்டை நடுவில் நின்றால், தலையணையை எறியுமுன் கடிகாரத்தைப் பாருங்கள். தூங்குகிறவருக்குத் தன் மூச்சு நின்றது தெரியாது. விழித்திருப்பவர்தான் சொல்ல வேண்டும். இருபது ஆண்டுகள் அந்தக் குறட்டையைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஓர் இரவுதான் காது கொடுத்தேன்.