முறிந்த போல்ட்டின் முகம்

சைக்கிள் கேரியரின் போல்ட் முறிந்து, தலை எங்கோ வழியில் விழுந்துவிட, மிச்சத் துண்டு பிரேமின் மரைக்குள்ளேயே தங்கிவிடுவது பட்டறைகளுக்குப் புதிதில்லை. அப்படி ஒரு வண்டி வந்து நின்றதும் பல கைகள் முதலில் தேடுவது டிரில்லைத்தான். சென்னையின் சைக்கிள் கடைகளிலும் கோவை கணபதிப் பகுதியின் சிறிய லேத் பட்டறைகளிலும் இந்த வேலையைக் கவனித்தபின் எனக்கு ஒன்று உறுதியாகப் பட்டிருக்கிறது. துண்டை வெளியே கொண்டுவருவதில் பலத்தின் பங்கு சிறிது. அது எப்படி முறிந்தது என்று கண்டுபிடிப்பதே வேலையின் பெரும்பகுதி. காரணம் தெரிந்துவிட்டால் எந்தக் கருவியை எடுப்பது என்பதில் குழப்பம் இராது. தெரியாமல் எடுத்தால் நல்ல கருவியும் பிரேமைக் கெடுத்துவிடும். தேர்ந்த கைகள் டிரில்லைத் தொடுமுன் முறிந்த இடத்தைத் துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்து, கூரான கம்பியால் லேசாகச் சுரண்டுகின்றன. பார்ப்பவருக்கு அது தயக்கம்போலத் தெரியலாம். வேலை அங்கேயே தொடங்கிவிட்டது.

பழைய ரோட்ஸ்டர் சைக்கிளில் இந்தத் தொல்லை குறைவு. சீட் கம்பத்தை இறுக்கும் போல்ட் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நட்டில் முடியும். கேரியரின் கால்களும் மட்கார்டு கம்பிகளும் பின்சக்கர அச்சின் நட்டுக்கு அடியில் நிற்கும். இந்த இடங்களிலெல்லாம் பிரேமில் இருப்பது வெறும் துளை. மரை போல்ட்டுக்கும் நட்டுக்கும் உரியது. முறிந்தால் பஞ்சை வைத்து ஒரு தட்டு, சில ரூபாய்க்குப் புது நட்டு போல்ட்டு, வண்டி கிளம்பிவிடும். அரசுப் பள்ளிகளின் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் கொடுக்கப்படும் மிதிவண்டிகளும் பெரும்பாலும் இந்த மரபைச் சேர்ந்தவையே. கியர் சைக்கிள்கள் வந்தபிறகு நிலைமை மாறியது. கேரியருக்கும் தண்ணீர்ப் புட்டித் தாங்கிக்கும் டிஸ்க் பிரேக்குக்கும் பிரேமிலேயே மரை வெட்டிவிட்டார்கள். கேரியர் துளைகள் பெரும்பாலும் எம்5, அதாவது 5 மில்லிமீட்டர் விட்டமும் மரைக்கு மரை 0.8 மில்லிமீட்டர் இடைவெளியும் கொண்டவை. பிரேமோ பல வண்டிகளில் அலுமினியம். நட்டாக இருந்தால் தூக்கி எறிந்திருப்போம். இப்போது மரை கெடுவது வண்டியின் மிக விலையுயர்ந்த பாகத்தில். முறிந்த துண்டைப் பார்த்து நிதானிக்க வேண்டிய அவசியம் இங்கிருந்துதான் வருகிறது.

இறுக்கிய போல்ட் மெல்லிய அளவில் நீண்டிருக்கிறது. தலைக்கும் மரைக்கும் நடுவே உள்ள அந்த இழுவிசைதான் கேரியரைப் பிரேமோடு அழுத்திப் பிடிக்கிறது. ஸ்பானரில் நாம் கொடுக்கும் திருகுவிசையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தலைக்கடியிலும் மரையிலும் உராய்வில் தீர்ந்துபோக, மிஞ்சும் ஒரு பங்கே இழுவிசையாகிறது. தலை முறிந்த கணத்தில் இழுவிசை அறுந்துவிடும். உள்ளே கிடக்கும் துண்டை அழுத்த எதுவும் இல்லை. ஆகவே துரு பிடித்திராத, மரை நசுங்காத துண்டு உள்ளே வெறுமனே உட்கார்ந்திருக்கிறது. கேரியர் போல்ட்டுகள் ஓட்டத்தில் முறிவது பெரும்பாலும் இப்படித்தான். கொஞ்சம் தளர்ந்த போல்ட், சுமையேற்றிய கேரியர் ஆட ஆட, ஒவ்வொரு குழியிலும் வளைந்து நிமிர்கிறது. சுமையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைத் தாங்குவது பிரேமுக்குள் நுழையும் முதல் மரை. விரிசல் அங்கே பிறந்து நாளாக ஆக உள்ளே நகர்கிறது. முறிந்த முகத்தில் அது பதிந்திருக்கும்: ஒரு பகுதி வழவழப்பாக, சில நேரம் அலைவரிகளோடு, மிச்சம் சொரசொரப்பாக, கடைசி நொடியில் கிழிந்ததுபோல. இந்த முகத்தைக் கண்டால் டிரில்லை எடுக்கவே வேண்டாம். கூரான கம்பியை விளிம்பில் ஊன்றி இடப்பக்கமாகத் தள்ளினாலே பல துண்டுகள் சுழல ஆரம்பிக்கும். அசையாவிட்டால் சென்டர் பஞ்சை மையத்தில் வைக்காமல் விளிம்பில் சாய்த்து வைத்து, சின்னச் சுத்தியலால் எதிர்ச்சுற்றாகத் தட்டுகிறார்கள். அரைச் சுற்று நகர்ந்துவிட்டால் மிச்சத்தைப் பிடித்து இழுக்க விரல்நுனியே போதும். அதிகமாக முறுக்கியதால் தலை போன போல்ட்டுக்கும் இதே வைத்தியம் செல்லும். அதன் முகத்தில் முறுக்கிய தடம் சுழலாகத் தெரியும். போல்ட் கோணலாக ஏறியோ துளையின் அடியில் முட்டியோ இருந்தால்தான் அந்தத் துண்டு அடம்பிடிக்கும்.

கழற்றப் போய் முறிந்தது முற்றிலும் வேறு. கடலோர ஊர்களில், மழையில் நின்ற வண்டிகளில், அலுமினியப் பிரேமில் எஃகு போல்ட் ஆண்டுக்கணக்கில் கிரீஸ் இல்லாமல் இருந்தால், உப்பு ஈரம் இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி வினையை நடத்துகிறது. கரைவது அலுமினியம். கரைந்து உண்டாகும் வெள்ளைப் பொடி, கரைந்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்து மரையின் இடுக்குகளில் இறுகுகிறது. இந்தத் துண்டு போல்ட்டின் முழு வலிமையையும் தோற்கடித்த பிறகே நமக்குக் கிடைத்திருக்கிறது. முழுத் தடிமனில் இருந்தபோது திருகியும் வராமல், திருகலைத் தாங்காமல் முறிந்த பொருள் அது. இங்கேதான் எக்ஸ்ட்ராக்டர் என்று கடைகளில் விற்கும் இடமரைக் கூம்பின் மீது எனக்கு நம்பிக்கை இல்லாமல் போகிறது. துண்டில் ஒரு துளை போட்டு அதற்குள் நுழைக்கும் அந்தக் கருவி போல்ட்டைவிட மெல்லியது. திருகலைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பின்பற்றுவது. எம்5 போல்ட்டின் மரையடி விட்டம் சுமார் 4 மில்லிமீட்டர், கூம்பு 3 மில்லிமீட்டர் என்றால், அதே எஃகில் கிடைக்கும் வலிமை ஐந்தில் இரண்டு பங்குதான். கடினப்படுத்திய எஃகு இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும். ஆனால் அந்தக் கடினத்தோடு நொறுங்கும் குணமும் சேர்ந்தே வருகிறது. போதாததற்கு, கூம்பு உள்ளே இறங்க இறங்கத் துண்டை வெளிப்பக்கமாக விரித்து மரையோடு இன்னும் அழுத்துகிறது. அது உள்ளே நொறுங்கினால் சாதாரண டிரில் பிட் அதன்மேல் வழுக்கத்தான் செய்யும். லேத் பட்டறைக்கு மிகச் சங்கடமான வேலைகளில் ஒன்று, போல்ட்டுக்குள் நொறுங்கிய எக்ஸ்ட்ராக்டரோடு வரும் வேலை. எளிதாக வரக்கூடிய துண்டுக்கு இந்தக் கருவி தேவையில்லை, வராத துண்டுக்கு இது போதாது. இரண்டுக்கும் நடுவில் அதற்கு மிஞ்சும் இடம் குறுகலானது.

இறுகிய துண்டுக்கு வேண்டியது நேரமும் சூடும். ஊடுருவும் எண்ணெயை ஊற்றி இரவு முழுக்க விட்டுவிடும் வழக்கம் சோம்பலால் வந்ததல்ல. மரையின் நுண்ணிய இடுக்கில் எண்ணெய் ஏறுவதற்கு அவ்வளவு நேரம் தேவை. அலுமினியம் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் 23 பங்கு விரிகிறது, எஃகு சுமார் 12. கொதிநீரை அந்த இடத்தில் ஊற்றினால் கிடைக்கும் இடைவெளி சில மைக்ரான்தான் என்றாலும், வெள்ளைப் பொடியின் பிடியை விரிசல்விடச் செய்ய அது உதவும். சூட்டுக்கும் வரம்பு உண்டு. வெப்பப் பதனம் செய்த அலுமினியம் 200 டிகிரியைத் தாண்டி நின்றால் வலிமையை இழக்கத் தொடங்கும். கேஸ் டார்ச்சை நேரே பிடிப்பவர் பெயின்டோடு சேர்த்து அதையும் எரிக்கிறார். கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் பித்தளைத் தகட்டில் முறிந்த எஃகுத் திருகைப் படிகாரக் கரைசலில் இட்டுக் கரைத்தெடுப்பார்கள். அழகான முறை அது, ஆனால் பிரேமைக் கிண்ணத்தில் ஊறவைக்க வழியில்லை. கடைசியில் துளையிட்டுத்தான் ஆகவேண்டும் என்றால், முகத்தை அரத்தால் சமன் செய்து மையத்தில் பஞ்ச் குறி வைப்பதில் செலவாகும் நேரம் வீணல்ல. எஃகைவிட அலுமினியம் மென்மையானது. குறி அரை மில்லிமீட்டர் விலகினாலும் பிட் எஃகை விட்டுவிட்டு அலுமினியத்தைத் தின்னப் போகும். கவனிக்க வேண்டிய இன்னொன்று, துளை மறுபக்கம் திறந்ததா, மூடியதா என்பது. சாதாரண பிட் வலப்பக்கம் சுற்றுவதால் துண்டு பிடிவிட்டால் உள்ளே போகும். திறந்த துளையில் அது நன்மை, துண்டு மறுபக்கமாக வெளியேறிவிடும். மூடிய துளையில் அதுவே அடியில் போய் முட்டி இறுகும். அங்கே இடப்பக்கம் சுற்றும் பிட் வேண்டும். அந்த பிட் துளைக்கும்போதே துண்டைக் கழற்றவும் முயல்வதால், பல நேரம் துளை முடிவதற்குள் துண்டு வெளியே வந்துவிடும்.

இவ்வளவு யோசனை எதற்கு, ஒரு நட்டை வைத்துத் துண்டின்மேல் வெல்டிங் செய்து திருகி எடுத்தால் ஐந்து நிமிட வேலை என்று வெல்டிங் பட்டறைக்காரர்கள் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. எஃகுப் பிரேமில், துருவேறி இறுகிய துண்டுக்கு அதைவிட நல்ல வழி இல்லை என்றே நினைக்கிறேன். வெல்டிங்கின் சூட்டில் விரிந்து பின் சுருங்கும் துண்டு துருவின் பிடியைத் தானே உடைத்துக்கொள்கிறது, பிடித்துத் திருக நட்டும் கிடைத்துவிடுகிறது. அலுமினியப் பிரேமிலும் எஃகு வெல்டிங் சுற்றுச்சுவரில் ஒட்டாது என்பதால் கைதேர்ந்தவர் செய்யலாம். ஆனால் கேரியர் காது போன்ற மெல்லிய இடத்தில், துண்டு மேற்பரப்புக்குக் கீழே முறிந்திருக்கும்போது, உருகி வழியும் முதல் ஆள் அலுமினியம்தான். வெல்டிங் சரியா தவறா என்பதும் ஆக முறிவைப் பார்த்துச் சொல்ல வேண்டியதாகிவிடுகிறது. அந்த எதிர்வாதம் என் வாதத்துக்குள்ளேயே வந்து சேர்கிறது. துளையைப் பெரிதாக்கி எம்6 டேப்பால் புது மரை வெட்டிவிடலாம் என்பதற்கும் இதே பதில். காது தடிமனாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம், நேர்மையான பழுதுபார்ப்புதான். மெல்லியதாக இருந்தால் மிஞ்சும் சுவர் அடுத்த சுமையில் கிழியும், அதற்குப் பிறகு டேப் போட உலோகமே இராது.

கனமான மறுப்பு கூலியைப் பற்றியது. பஞ்சருக்கு விலை உண்டு, வீல் கோட்டம் எடுக்க விலை உண்டு. முறிந்த துண்டுக்கு நிலையான விலை எந்தக் கடையிலும் எழுதி வைக்கப்படவில்லை. கம்பியால் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட்டால் வாடிக்கையாளர் காசு கொடுக்க யோசிக்கிறார். ஒரு மணிநேரம் டிரில் சத்தம் கேட்டால் கேட்டதைக் கொடுக்கிறார். இந்த நிலையில் நின்று பார்ப்பவன் பிழைக்க முடியாது என்ற குறை நியாயமானது. ஆனால் அது பார்க்கும் பழக்கத்தின் குற்றமாகாது. கண்ணுக்குத் தெரியும் உழைப்புக்கு மட்டும் காசு கொடுக்கும் நம் பழக்கம்தான் டிரில்லை முதலில் எடுக்க வைக்கிறது. இரண்டு நிமிடத்தில் எடுத்தவர் நம்முடைய பிரேமின் மரையைக் காப்பாற்றியிருக்கிறார். ஒரு மணிநேரத்துக்குக் கொடுப்பதை அவருக்கே கொடுப்பது முறை.

துண்டு வந்தபின்னும் முறிவின் காரணம் வேலையில் இருக்கிறது. தளர்ந்து ஆடி முறிந்ததென்றால் அதே போல்ட்டைத் திரும்பப் போட்டு முன்போல விட்டுவிடுவதில் பயனில்லை. துருப்பிடிக்காது என்று ஸ்டெயின்லெஸ் போல்ட் கேட்பவர்கள் பலர். வழக்கமான ஏ2-70 ஸ்டெயின்லெஸ் போல்ட்டின் இழுவலிமை 700 மெகாபாஸ்கல், 8.8 என்று தலையில் குறித்த சாதாரண எஃகு போல்ட்டுக்கு 800. அலுமினியத்தோடு சேர்ந்தால் ஸ்டெயின்லெஸ்ஸும் அந்த மின்வேதி வினையைத் தூண்டவே செய்யும். எதைப் போட்டாலும் மரையில் கிரீஸ் வேண்டும். டேப் விட்டு, துகளை ஊதி வெளியேற்றி, புது போல்ட்டை முதலில் விரலால் மட்டும் கடைசி மரைவரை ஏற்றிப் பார்க்க வேண்டும். விரலால் ஏறாத இடத்தில் ஆலன் கீயை வைத்து ஏற்றுவது அடுத்த முறிவுக்கு விதை. பிறகு சுமார் 5 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கினால் போதும். அத்தோடு கேரியரின் மறுகாலில் உள்ள போல்ட்டையும் கழற்றி மாற்றிவிட வேண்டும். பார்வைக்கு அது முழுதாக இருக்கலாம். இத்தனை நாள் அதே ஆட்டத்தைத் தாங்கியதும், இந்தப் பக்கம் முறிந்தபின் மொத்தச் சுமையையும் சுமந்து கடைவரை வந்து சேர்ந்ததும் அதுதான்.