போய்ப் பார்க்காத பள்ளத்தாக்கு

படம் எடுக்கச் சொல்லி வந்த அக்கா என்னிடம் ஒரேயொரு கேள்விதான் கேட்டார். "தம்பி, அந்த இடம் உங்களுக்குத் தெரியுமோ?" தெரியும் என்றேன். பொய். லவுட்டர்புருன்னனை நான் ரயில் யன்னல் வழியாகக்கூடப் பார்த்ததில்லை.

நான் சுவிஸில், பேர்ண் நகரில், ஒரு உணவகச் சமையலறையில் வேலை செய்கிறேன். சனி, ஞாயிறுகளில் கமரா. சாமத்திய வீடு, கலியாணம், பிறந்தநாள், எல்லாம் மண்டபத்துக்குள். மண்டபத்தில் வெளிச்சம் நான் வைத்த இடத்தில் நிற்கும். அதனால் வெளிச்சம் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவின் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருந்தார். அடுத்த கிழமை திரும்பிப் பயணம். அம்மா, மகள், பேத்தி மூவரும் சேர்ந்து ஒரு படம். பின்னால் தேவாலயக் கோபுரமும் ஷ்டவுப்பாக் அருவியும். எல்லாரும் எடுக்கிற அதே படம்தான். 400 பிராங்க் பேசினேன்.

திட்டம் போட்டது கட்டிலில் படுத்துக்கொண்டு, தொலைபேசியில். செப்டம்பர் நடுப்பகுதி. பொழுது ஏழரைக்குப் படும் என்றது செயலி. அப்படியென்றால் ஆறரைக்குப் பொன்வெயில். ஐந்து மணிக்குப் போய் இறங்கினால் போதும். அந்தச் செயலிக்கு மலை தெரியாது. லவுட்டர்புருன்னன் பனியாறு அறுத்த பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறைச் சுவர். அருவி விழுவது மேற்குச் சுவரில். காலையில் வெயில் அருவிக்கு நேரே படும். பின்னேரம் சூரியன் அதே சுவருக்குப் பின்னால் இறங்கிவிடும். நான் பார்த்து மயங்கிய படங்களெல்லாம் காலையில் எடுத்தவை. நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்திருந்தாலே விளங்கியிருக்கும். பேர்ணிலிருந்து ஒன்றரை மணித்தியாலத்தில் போகக்கூடிய இடம். முந்தின ஞாயிறு எனக்கு வேலை ஒன்றும் இருக்கவில்லை. நித்திரை கொண்டேன்.

ரயிலில் நான் பேசாத பேச்சில்லை. 72 அருவிகள் உள்ள பள்ளத்தாக்கு என்றேன். இந்த அருவி ஏறத்தாழ 300 மீற்றர் என்றேன். 1779-இல் கோதே இதைப் பார்த்துக் கவிதை எழுதினார், 1911-இல் எழுத்தாளர் டோல்கின் இந்தப் பக்கம் நடந்தார் என்றேன். அம்மா ஆசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

இறங்கினோம். ஊரே நிழலுக்குள் கிடந்தது. அருவி சாம்பல் நிறத்தில் தொங்கியது. எதிரே, கிழக்கு மேட்டில், வெங்கன் கிராமம் பளீரென்று வெயிலில் இருந்தது.

இனி வருவதை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். வெங்கனுக்குப் போகும் பற்சக்கர ரயில் அதே நிலையத்திலிருந்துதான் புறப்படும். கால் மணித்தியாலப் பயணம். "அக்கா, பிழை விட்டிட்டன். மேலே போவம்." இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. ரயில் மேடையில் நின்றது. எனக்கு வாய் வரவில்லை. தெரியும் என்று சொன்னவன் தெரியாது என்று எப்படிச் சொல்வது? "கொஞ்சம் பொறுப்பம், வெயில் திரும்பும்" என்றேன். மலைக்குப் பின்னால் போன சூரியன் திரும்பாது என்று அந்தப் பேத்திக்கே தெரிந்திருக்கும். ரயில் போய்விட்டது.

ஒன்றரை மணித்தியாலம் காக்க வைத்தேன். அம்மா பட்டுச் சேலையில் நின்றார். குளிருக்குச் சால்வை போர்த்தினார். படத்துக்கு எடுபடாது என்று அதையும் கழற்றச் சொன்னேன். எழுபது வயது கடந்தவர்.

பிறகு பதற்றம். கோபுரமும் அருவியும் ஒன்றாக விழும் கோணம் தேடி, வேலிக் கம்பியைத் தூக்கிப் பிடித்து மூவரையும் புல்வெளிக்குள் இறக்கினேன். "போகலாமோ?" என்று அக்கா கேட்டார். "எல்லாரும் போறவை" என்றேன். முழங்கால் உயரப் புல். வெட்டி உலர்த்தி மாட்டுக்குப் பனிக்காலத்தில் போடுவதற்காக விட்டிருந்தது. மிதிபட்டுச் சாய்ந்த புல்லில் வெட்டும் இயந்திரம் சரியாகப் பிடிக்காது. ஒரு வயதான பெண் வீட்டுக்குள்ளிருந்து வந்து இதைத்தான் சொன்னார், சத்தம் போடாமல். நான் லென்ஸ் மாற்றுவதுபோலக் குனிந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்டது அக்கா. அம்மாவுக்கு டொய்ச் விளங்காது. ஆனாலும் கை கூப்பினார். வாழ்நாள் முழுக்கத் தோட்டம் செய்தவர் அவர். அடுத்தவர் விளைச்சலுக்குள் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியவன் நான்.

நிழல் வெளிச்சம் கெட்ட வெளிச்சமல்ல. தொழில் தெரிந்தவன் அதில் நல்ல முகம் எடுப்பான். நான் அதற்கும் முயலவில்லை. வீட்டுக்கு வந்து கணினியில் பொன்வெயில் பூசினேன். காசை முழுதாக வாங்கினேன். ஒரு பிராங்க்கூடத் திருப்பிக் கொடுக்கவில்லை.

படம் இப்போது யாழ்ப்பாணத்து வீட்டில், சாமியறைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. உற்றுப் பார்த்தால், அவ்வளவு வெயிலுக்குள்ளும் அம்மாவின் தோள் குளிரில் ஒடுங்கியிருப்பது தெரியும். போன மாதம் வாட்ஸ்அப்பில் அவர் என்னோடு பேசினார். "தம்பி, இந்த வெயில் எப்ப வந்தது? எனக்கு ஞாபகமே இல்லை." வயது போனால் எல்லாம் மறந்துபோகுது என்று தன்னையே நொந்துகொண்டார்.

"மேகம் விலகினபோது ஒரு நிமிஷம் வந்தது அம்மா. நீங்கள் கவனிக்கேல்லை" என்றேன்.

அன்று வானத்தில் மேகமே இருக்கவில்லை.